முன்மாதிரி முதல் வார்ப்பு வரை: பட்டறைச் சொற்கள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோயம்புத்தூரில் கணபதி, ஆவாரம்பாளையம், குறிச்சி சிட்கோ, அரசூர்ப் பக்கங்களில் பம்பு, மோட்டார், கிரைண்டர், வால்வு, நூற்பு எந்திர உதிரிபாகம் செய்யும் சிறு பட்டறைகளுக்கு ட்ராயிங் வரைந்தும் பேட்டர்ன் செய்தும் கொடுத்துவந்த ஆண்டுகளில், என்னிடம் வந்த கேள்விகளில் பெரும்பாதி எந்திரத்தைவிடச் சொல்லைப் பற்றியவையாகவே இருந்தன. கொட்டேஷன் கேட்பவர் ஒரு சொல்லை ஒரு பொருளில் எழுதுகிறார். கொடுப்பவர் அதே சொல்லைத் தம் தொழிலின் பொருளில் படிக்கிறார். அந்த இடைவெளியின் விலை சில சமயம் 500 ரூபாய், சில சமயம் 5 லட்சம். மீண்டும் மீண்டும் கேட்கப்பட்டவற்றை மட்டும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

‘மாதிரி’ என்றால் சாம்பிளா, மாடலா, புரோட்டோடைப்பா, பேட்டர்னா?

நான்கையும் நாம் ‘மாதிரி’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். குழப்பத்தின் முதல் முடிச்சு அங்கேதான் விழுகிறது. புரோட்டோடைப் என்பது முன்மாதிரி: வடிவமைப்பு சரியாக இருக்கிறதா என்று சோதித்துப் பார்ப்பதற்காகச் செய்யப்படுவது, அது எந்த முறையில் செய்யப்பட்டது என்பது முக்கியமில்லை. சாம்பிள் என்பது உண்மையான உற்பத்தி முறையிலேயே செய்து, ஒப்புதலுக்காக முன்கூட்டிக் காட்டப்படும் பொருள். மாடல் என்பது கணினியில் இருக்கும் முப்பரிமாண வடிவம். பேட்டர்ன் என்பது மணலில் பதித்து எடுத்துவிடும் அச்சுரு. அது ஒருபோதும் எந்திரத்துக்குள் போய்ப் பொருந்தாது.

இந்த வேறுபாட்டை இரும்புத் தொழில் செய்பவர்களைவிடத் திருப்பூர்க்காரர்கள் எளிதாகப் பிடித்துக்கொள்கிறார்கள். பின்னலாடை ஏற்றுமதியில் புரோட்டோ சாம்பிள், ஃபிட் சாம்பிள், சைஸ் செட், பி.பி. (உற்பத்திக்கு முந்திய) சாம்பிள் என்று படிப்படியாகப் போய்த்தான் உற்பத்தி தொடங்கும். புரோட்டோ சாம்பிளுக்குக் கிடைத்த துணியில் தைத்துக் காட்டலாம், பி.பி. சாம்பிளுக்கு உண்மையான துணி, உண்மையான நூல், உண்மையான லேபிள் வேண்டும். எந்திர உதிரிபாகத்திலும் ஒழுங்கு இதுவேதான். த்ரீடி பிரிண்டிங்கில் எடுத்த பிளாஸ்டிக் துண்டைக் காட்டி ‘சாம்பிள் அப்ரூவல்’ கேட்பது, கிடைத்த துணியில் தைத்ததைப் பி.பி. சாம்பிள் என்று அனுப்புவதற்குச் சமம்.

ராபிட் புரோட்டோடைப்பிங், த்ரீடி பிரிண்டிங், அடிட்டிவ் மேனுஃபாக்சரிங் ஆகிய மூன்றும் ஒன்றா?

ஒரே குடும்பத்துப் பெயர்கள். ஆனால் பிறந்த காலமும் குறிக்கும் எல்லையும் வேறு. ஒளி பட்டால் இறுகும் திரவப் பிசினை அடுக்கடுக்காக இறுகச் செய்யும் முறைக்குச் சார்லஸ் ஹல் 1984-இல் காப்புரிமை கோரி 1986-இல் பெற்றார்; அதே ஆண்டில் த்ரீடி சிஸ்டம்ஸ் நிறுவனம் தொடங்கப்பட்டது. அந்த நாள்களில் அப்படிச் செய்த பொருள்கள் உறுதியற்றவையாக இருந்ததால் பார்த்துச் சரிபார்க்க மட்டுமே பயன்பட்டன. ஆகவே ராபிட் புரோட்டோடைப்பிங், அதாவது விரைவு முன்மாதிரியாக்கம், என்ற பெயர் நிலைத்தது. த்ரீடி பிரிண்டிங் என்ற பெயர் பொடியின்மேல் பசையைத் தெளித்து அடுக்கும் முறைக்காக அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் புழக்கத்துக்கு வந்து, பிறகு எல்லா முறைகளுக்கும் பொதுப்பெயராகப் பரவியது. பொருளே இறுதிப் பாகமாகப் பயன்படத் தொடங்கியபின், தொழில்துறையும் தர நிர்ணய ஆவணங்களும் அடிட்டிவ் மேனுஃபாக்சரிங் என்ற பெயரை ஏற்றுக்கொண்டன. தமிழில் ‘சேர்ப்பு உற்பத்தி’ என்றால் பொருந்தும்: லேத்தும் மில்லிங்கும் கழித்துச் செய்பவை, வார்ப்பும் ஃபோர்ஜிங்கும் (சூடாக்கி அடித்து உருவாக்குவதும்) உருமாற்றிச் செய்பவை, இது சேர்த்துச் செய்வது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். விரைவு முன்மாதிரி என்பது நோக்கத்தின் பெயர். சேர்ப்பு உற்பத்தி என்பது முறையின் பெயர். அலுமினியக் கட்டியை வி.எம்.சி. எனும் கணினிவழிக் கடைசல் எந்திரத்தில் இரண்டே நாளில் கடைந்து கொடுத்தாலும் அது விரைவு முன்மாதிரிதான். அதில் சேர்ப்பு எதுவும் இல்லை. ‘ஆர்.பி. (ராபிட் புரோட்டோடைப்பிங்) பார்ட் வேண்டும்’ என்று மட்டும் எழுதினால் இந்த இரண்டில் எது வந்தாலும் குறை சொல்ல முடியாது.

எஸ்.எல்.ஏ., எஃப்.டி.எம்., எஸ்.எல்.எஸ். என்ற எழுத்துகளை எப்படி நினைவில் வைத்துக்கொள்வது?

எழுத்தை விரித்து மனப்பாடம் செய்வதால் பயனில்லை. மூலப்பொருள் எந்த நிலையில் எந்திரத்துக்குள் போகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். கூழாகப் போனால் எஸ்.எல்.ஏ.: தொட்டியில் உள்ள பிசினை லேசர் ஒளி அடுக்கடுக்காக இறுகச் செய்கிறது, மேற்பரப்பு வழவழப்பாக இருக்கும். கம்பியாகப் போனால் எஃப்.டி.எம்.: பெரும்பாலும் 1.75 மி.மீ. தடிமனுள்ள பிளாஸ்டிக் இழை சூடான மூக்கின் வழியே உருகி, சந்தகை பிழிவதுபோல் வரிவரியாக விழுகிறது. பொடியாகப் போனால் எஸ்.எல்.எஸ்.: நைலான் பொடியைப் பரப்பி, வேண்டிய இடத்தை மட்டும் லேசர் சூட்டால் ஒட்டவைக்கிறார்கள், ஒட்டாத பொடியே சுற்றிலும் முட்டுக்கொடுப்பதால் தனியே சப்போர்ட் வேண்டியதில்லை.

ஐ.எஸ்.ஓ., ஏ.எஸ்.டி.எம். என்ற தரநிர்ணய அமைப்புகள் இரண்டும் சேர்ந்து வெளியிட்டுள்ள 52900 எண் தரநிர்ணயம் இந்த முறைகளை ஏழு வகையாகப் பிரிக்கிறது: பொருளைப் பிதுக்குதல், தொட்டிக் கூழை ஒளியால் இறுக்குதல், பொடிப் படுகையை உருக்கி ஒட்டுதல், பொடியில் பசை தெளித்தல், பொருளையே துளியாகத் தெளித்தல், தகடுகளை ஒட்டி அடுக்குதல், கற்றை படும் இடத்திலேயே பொருளை இட்டு உருக்குதல். வணிகப் பெயர் எதுவாக இருந்தாலும் இந்த ஏழில் ஒன்றில் அடங்கிவிடும்.

எஃப்.டி.எம்., எஃப்.எஃப்.எஃப். இரண்டும் வேறா?

வேலை ஒன்றுதான். எஃப்.டி.எம். என்பது ஸ்ட்ராட்டசிஸ் நிறுவனத்தின் வணிகக்குறி. அதைத் தவிர்ப்பதற்காகத் திறந்த வடிவமைப்பில் எந்திரம் செய்த ரெப்ராப் குழுவினர் எஃப்.எஃப்.எஃப். என்று அழைத்தார்கள்.

உலோகத்தில் டி.எம்.எல்.எஸ்., எஸ்.எல்.எம். என்று இரண்டு பெயர்கள் ஏன்?

முதற்பெயரில் ‘சின்டரிங்’, அதாவது முழுக்க உருகாமல் பொடி ஒட்டிக்கொள்வது, இருந்தாலும் இன்று இரண்டிலும் உலோகப் பொடி முழுமையாகவே உருகுகிறது. பெயர் எந்திரம் செய்தவரைப் பொறுத்தது. கொட்டேஷனில் கேட்க வேண்டியது பெயரை அன்று: எந்த உலோகக் கலவை, பிறகு ஹீட் ட்ரீட்மென்ட் உண்டா, சப்போர்ட்டை அறுத்து எடுக்கும் செலவு யாருடையது என்பவற்றை. நைலானுக்குச் சொன்ன சலுகை இங்கே இல்லை. சூட்டில் உலோகம் வளைந்து எழும்புமாதலால், அதை அடித்தட்டோடு பிடித்துவைக்கச் சப்போர்ட் கட்டாயம் வேண்டும்.

மோல்டு, டை, பேட்டர்ன், கோர்: இவற்றில் எதை எங்கே சொல்ல வேண்டும்?

“ஏனுங்க, இந்த கேசிங்குக்கு மோல்டு என்ன ஆகும்ங்க?” என்று வெளிக்கூட்டைக் காட்டி ஒருவர் கேட்டால், நான் பதிலுக்கு முன் கேட்பது “வார்ப்பா, பிளாஸ்டிக்கா?” என்பதுதான். பவுண்டரியில், அதாவது வார்ப்புப் பட்டறையில், மோல்டு என்பது மணல். ஒருமுறை உலோகம் ஊற்றியதும் உடைத்து எறியப்படுவது. அதற்குத் தனி விலை கிடையாது, வார்ப்பின் கிலோ விலைக்குள் அடங்கிவிடும். பவுண்டரிக்கு நீங்கள் காசு கொடுத்துச் செய்துதர வேண்டியது பேட்டர்னும், கோரை வடிக்கும் பெட்டியான கோர் பாக்ஸும். பிளாஸ்டிக் இன்ஜெக்‌ஷன் பட்டறையிலோ மோல்டு என்பது எஃகில் கடைந்த பெட்டி. லட்சக்கணக்கான ஷாட் தாங்குவது. பொருளின் செலவில் பெரும்பங்கு அதுவே. உருகிய உலோகத்தை அழுத்திச் செலுத்தும் பிரஷர் டை காஸ்டிங்கில் ஏறத்தாழ அதே எஃகுப் பெட்டிக்கு டை என்று பெயர். பிரஸ் வேலையில் டை என்பது ‘பஞ்ச்’ எனும் குத்துக் கருவியோடு சேர்ந்து தகட்டை வெட்டும் அல்லது வளைக்கும் கருவி. திருகுக்குப் புரி போடுகிறவருக்கு டை என்பது கையகல வட்டத் துண்டு. ஒரே சொல், மூன்று பட்டறை, மூன்று விலை.

கோர் என்பது வார்ப்பின் உள்ளே வெற்றிடம் விடுவதற்காக மோல்டுக்குள் வைக்கும் மணல் துண்டு; பம்பு கேசிங்கில் தண்ணீர் சுற்றும் பாதை முழுவதும் கோரின் வேலைதான். அந்தக் கோர் அசையாமல் உட்காருவதற்காகப் பேட்டர்னில் விடப்படும் நீட்டலுக்குக் கோர் பிரிண்ட் என்று பெயர். இங்கே புதிதாக ஒரு வம்பு சேர்ந்திருக்கிறது. மணற்பொடியில் பசை தெளித்து, பேட்டர்னும் கோர் பாக்ஸும் இல்லாமலே கோரை நேரடியாக எடுக்கும் பிரிண்டர்கள் வந்துவிட்டன. ஆகவே ‘கோர் பிரிண்ட் எவ்வளவு?’ என்று இளைஞர் கேட்டால் அச்சிட்ட கோரின் விலையைக் கேட்கிறார். அதே கேள்வியை மணல் அச்சுப் போடும் மூத்த மோல்டர் கேட்டால் நீட்டலின் நீளத்தைக் கேட்கிறார். ‘அச்சிட்ட கோர்’ என்று எழுதிவிட்டால் தகராறு இல்லை.

பேட்டர்னைத் த்ரீடி பிரிண்டிங்கில் எடுத்தால் மாடலை அப்படியே அனுப்பலாமா?

கூடாது. இந்த ஒரு கேள்விக்கு நானே விலை கொடுத்திருக்கிறேன். வெளிவிட்டம் 180 மி.மீ. உள்ள ஓர் இம்பெல்லருக்கு (பம்புக்குள் சுழலும் சக்கரத்துக்கு) அவசரமாகப் பேட்டர்ன் வேண்டியிருந்தது. முடிந்த பாகத்தின் மாடலை அப்படியே பிரிண்ட் எடுத்து பவுண்டரிக்குக் கொடுத்தேன். வார்ப்பு இரும்பு ஆறும்போது ஏறத்தாழ 1 சதவீதம் சுருங்கும். வந்த வார்ப்பு 178 மி.மீ. சொச்சம் இருந்தது, கடைவதற்கு ஒன்றும் இல்லை, பொருத்துவதற்கும் ஒன்றும் இல்லை. பத்து வார்ப்பும் திரும்ப உலைக்கே போயின. மரத்தில் பேட்டர்ன் செய்யும் ஆசாரி இந்தத் தவற்றைச் செய்யவே மாட்டார், ஏனென்றால் அவர் கையில் உள்ள சுருக்க அளவுகோலே உலோகத்துக்குத் தக்கபடி நீட்டிப் பிரிக்கப்பட்டது. அதில் 100 என்று படித்து வெட்டினால் மரம் தானாகவே 101 ஆக வந்துவிடும். கணினித் திரையில் அப்படி ஓர் அளவுகோல் இல்லை. நாம்தான் நினைவாகப் பெருக்க வேண்டும்.

கணக்கு இதுதான். முடிந்த அளவு 180. கடைவதற்காகப் பக்கத்துக்கு 2 மி.மீ. சதை விட்டால் 184; இதற்கு மெஷினிங் அலவன்ஸ் என்று பெயர். 1 சதவீதச் சுருக்கத்தைச் சேர்த்தால் 185.84, இது ஷ்ரிங்கேஜ் அலவன்ஸ். மணலிலிருந்து பேட்டர்னை உருவும்போது விளிம்பு உடையாமலிருக்க, செங்குத்துச் சுவர்களுக்கு ஒன்றிரண்டு டிகிரி சரிவு கொடுக்க வேண்டும், இது ட்ராஃப்ட். பிரிண்ட் எடுத்ததை மாஸ்டர் பேட்டர்னாக வைத்து, அதிலிருந்து அலுமினியப் பேட்டர்ன் வார்த்து, அதைக்கொண்டு இரும்பு வார்ப்பதாக இருந்தால் சுருக்கம் இரண்டு முறை நிகழும், அலுமினியத்துக்கு 1.3 சதவீதம் என்று கொண்டால் மாஸ்டரின் அளவு 188.26 ஆக வேண்டும். எஃகு வார்ப்பென்றால் சுருக்கம் 2 சதவீதத்தை நெருங்கும். உங்கள் பவுண்டரி எந்தச் சதவீதத்தைக் கொள்கிறது என்று கேட்டுவிட்டே பெருக்குங்கள். கோர் உள்ளே தடுப்பதால் சில இடங்களில் சுருக்கம் குறைந்துபோகும் என்பதை அவர்களே அறிவார்கள்.

‘கிரீன் பார்ட்’, ‘கிரீன் சாண்ட்’ என்கிறார்களே, அவை பச்சை நிறமாகவா இருக்கும்?

நிறத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஆங்கிலம் படித்தவர்களைத் திகைக்கவைக்கும் இந்தச் சொல் தமிழில் தானாகவே விளங்கிவிடுகிறது: சுடாத, ஈரம் போகாத மண்ணை நாம் பச்சை மண் என்றுதானே சொல்கிறோம்? கிரீன் சாண்ட் என்பது களிமண்ணும் ஈரமும் சேர்த்துப் பிசைந்த, சுடப்படாத மோல்டிங் மணல். பார்ப்பதற்குக் கருப்பாகவே இருக்கும். பசை தெளித்து அடுக்கிய உலோகப் பொடிப் பாகத்தை உலையில் வைப்பதற்கு முன் கிரீன் பார்ட் என்பார்கள். கையில் அழுத்தினால் பொடிந்துவிடும். எஸ்.எல்.ஏ.யில் தொட்டியிலிருந்து எடுத்துக் கழுவி, புற ஊதா ஒளியில் முழுக்க இறுகவைப்பதற்கு முந்திய நிலைக்கும் அதே பெயர். மூன்றையும் ‘பச்சை நிலை’ என்று தமிழில் எழுதினால் ஒன்றும் கெட்டுவிடாது.

எஸ்.டி.எல். கோப்பு அனுப்பினால் போதும் என்கிறார்கள், கணினியால் இயங்கும் சி.என்.சி. எந்திரப் பட்டறை ஏன் ஸ்டெப் கோப்பு கேட்கிறது?

எஸ்.டி.எல். கோப்பில் வளைவு என்பதே இல்லை. எல்லாப் பரப்பும் சிறு முக்கோணங்களாக உடைக்கப்பட்டிருக்கும். 100 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தை 36 துண்டாக உடைத்துச் சேமித்தால், ஒவ்வொரு துண்டின் நடுவிலும் உண்மையான வட்டத்திலிருந்து 0.19 மி.மீ. உள்வாங்கியிருக்கும், 72 துண்டாக்கினால் அது 0.05 மி.மீ. அளவுக்குக் குறையும். பிரிண்ட் எடுத்த கேசிங்கில் பட்டை பட்டையாகத் தெரிந்தால் பிரிண்டரைத் திட்டுவதற்கு முன் கோப்பைச் சேமித்த விதத்தைப் பாருங்கள். ஸ்டெப் கோப்பில் வட்டம் வட்டமாகவே இருக்கும், துளையின் மையத்தையும் விட்டத்தையும் மென்பொருள் நேராக எடுத்துக்கொள்ளும், அதனால்தான் சி.என்.சி.காரர்கள் அதைக் கேட்கிறார்கள்.

இன்னொன்று: எஸ்.டி.எல். கோப்பு அலகைச் சொல்வதில்லை. அதில் இருப்பது வெறும் எண். அங்குலத்தில் வரைந்த 4 என்ற நீளம், மில்லிமீட்டரில் திறந்தால் 4 மி.மீ. ஆகிவிடும், 25.4 மடங்கு வேறுபாடு. ஆகவே கோப்போடு ஒரே ஓர் அளவையாவது, ‘மொத்த நீளம் 212 மி.மீ.’ என்பதுபோல், எழுத்தில் அனுப்புங்கள்.

ரெசல்யூஷன், அக்யுரசி, டாலரன்ஸ் மூன்றும் துல்லியத்தைத்தானே குறிக்கின்றன?

துல்லியம் என்ற ஒரே சொல்லில் மூன்றையும் அடைத்ததால் வந்த வினை இது. ரெசல்யூஷன் என்பது எந்திரத்தின் மிகச் சிறிய அடி, 0.1 மி.மீ. அடுக்கு என்றால் 100 மி.மீ. உயரத்துக்கு 1,000 அடுக்கு, 0.2 என்றால் 500 அடுக்கு, அவ்வளவே. அக்யுரசி என்பது வந்த பொருள் கேட்ட அளவுக்கு எவ்வளவு நெருங்கி வந்திருக்கிறது என்பது. இவ்விரண்டும் எந்திரத்தின் பக்கம். டாலரன்ஸ் மட்டும் வடிவமைப்பவரின் பக்கம்: எவ்வளவு விலகினால் ஏற்றுக்கொள்வேன் என்ற அனுமதி. ட்ராயிங்கில் 25 எச்7 என்று எழுதினால் துளை 25.000 முதல் 25.021 மி.மீ. வரை இருக்கலாம் என்று பொருள். ‘50 மைக்ரான் (0.05 மி.மீ.) பிரிண்டர்’ என்று விளம்பரத்தில் சொல்வது அடுக்கின் தடிமனை. அதைப் படித்துவிட்டு எச்7 துளை நேராக வந்துவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. சாதாரண எஃப்.டி.எம். எந்திரத்தில் 0.2 மி.மீ. முன்பின் ஆவது வழக்கம். துளைகள் பெரும்பாலும் சிறிதாகவே வரும். பேரிங் உட்காரும் துளையைச் சிறிதாக விட்டுப் பிறகு ரீமர் எனும் துளை சீவும் கருவியை ஓட்டுவதே வழி.

பிரிண்ட் எடுத்த பாகம் ஏன் ஒரு பக்கம் மட்டும் எளிதாக முறிகிறது?

விறகை நாரோட்டத்தில் பிளப்பது எளிது, குறுக்கே வெட்டுவது கடினம். அதே இயல்புதான். அடுக்குக்கும் அடுக்குக்கும் இடையிலுள்ள ஒட்டு, வரியின் நீளவாட்டு வலிமையைவிடக் குறைவு. ஆகவே ஓரியன்டேஷன், அதாவது பாகத்தை எந்திரத்தில் எப்படிக் கிடத்துவது என்பதையும் ஆர்டரிலேயே எழுத வேண்டும். இன்ஃபில் என்பது உள்ளே நிரப்பும் வலையின் அடர்த்தி. உறுதி வேண்டுமென்று இதை மட்டும் கூட்டுகிறவர்கள் பலர், ஆனால் வளைவு தாங்க வெளிச்சுவரின் எண்ணிக்கையைக் கூட்டுவதே அதிகம் பயன்தரும். பொருளையும் பாருங்கள்: பி.எல்.ஏ. என்ற பிளாஸ்டிக் 60 டிகிரி செல்சியஸை ஒட்டி இளகத் தொடங்கும். சித்திரை வெயிலில் மூடி நிறுத்திய காருக்குள் வைத்தால் கோணலாகிவிடும். ஏ.பி.எஸ். என்ற பிளாஸ்டிக் 100 டிகிரி வரை தாக்குப்பிடிக்கும்.

சாஃப்ட் டூலிங், வேக்குவம் காஸ்டிங் என்பவை எப்போது பொருந்தும்?

ஒன்றிரண்டு வேண்டுமானால் பிரிண்ட் எடுக்கலாம். ஆயிரக்கணக்கில் வேண்டுமானால் எஃகு மோல்டு செய்யலாம். இடையில் 20, 50, 200 என்று வேண்டும்போதுதான் இந்தச் சொற்கள் வருகின்றன. வேக்குவம் காஸ்டிங்கில், பிரிண்ட் எடுத்த மாஸ்டரைச் சுற்றிச் சிலிக்கான் ரப்பர் ஊற்றி, அறுத்துப் பிரித்து, அந்தக் குழிவில் பாலியூரித்தேன் வார்க்கிறார்கள். ஒரு ரப்பர் மோல்டில் ஏறத்தாழ 20 துண்டு எடுக்கலாம், பிறகு அது கிழிந்துவிடும். சாஃப்ட் டூலிங் என்று இங்கே பெரும்பாலும் சொல்வது அலுமினியத்தில் கடைந்த இன்ஜெக்‌ஷன் மோல்டை. கிடைக்கும் பாகம் உண்மையான பிளாஸ்டிக்கிலேயே இருக்கும் என்பது அதன் மதிப்பு. பாலியூரித்தேன் துண்டோ பார்வைக்கு மட்டும் அதைப்போல் இருக்கும். சிலர் வேக்குவம் காஸ்டிங்கையும் சாஃப்ட் டூலிங் என்றே எழுதுகிறார்கள். ஆகவே ‘மோல்டு எதனால் ஆனது?’ என்று கேட்டுவிடுவது நல்லது.

ஜிக், ஃபிக்ஸர் வேறுபாடு?

கருவிக்கு வழிகாட்டுவது ஜிக். வேலைப்பொருளைப் பிடித்துவைப்பது ஃபிக்ஸர். ட்ரில் செல்லப் புஷ் (வழிகாட்டும் குழாய்த் துண்டு) வைத்திருந்தால் ஜிக்.

கொட்டேஷன் கேட்கும் கடிதத்தில் குறைந்தது என்னென்ன இருக்க வேண்டும்?

பாகம் எதற்காக என்பதை முதல் வரியில் எழுதுங்கள்: பார்க்கவா, பொருத்திச் சரிபார்க்கவா, தண்ணீர் விட்டு ஓட்டிப் பார்க்கவா, பேட்டர்னாக மணலில் பதிக்கவா. அடுத்து எண்ணிக்கை, பொருள், எந்தெந்த அளவுக்கு மட்டும் டாலரன்ஸ் கறாராக வேண்டும் என்பது. எல்லா அளவுக்கும் 0.05 என்று எழுதினால் விலைதான் ஏறும். பேட்டர்ன் என்றால் எந்த உலோகத்துக்கு, சுருக்கமும் கடைசலுக்கான சதையும் மாடலில் ஏற்கெனவே சேர்த்தாயிற்றா என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். இரண்டு பேரும் சேர்த்துவிட்டால் அதுவும் கெடுதியே. கார் உதிரிபாகத்துக்காக பி.பி.ஏ.பி. கேட்கப்பட்டிருந்தால் அதையும் முதலிலேயே தெரிவியுங்கள், ஏனென்றால் அது பாகத்தோடு ஒப்படைக்க வேண்டிய ஆவணத் தொகுப்பு. அதைத் தயாரிக்கும் நாள்களுக்கும் விலை உண்டு.

பழைய மரப் பேட்டர்ன்களில் சிவப்பு, மஞ்சள், கருப்பு வண்ணம் எதற்கு?

பரவலாகக் கற்பிக்கப்படும் முறையில், கடைய வேண்டிய பரப்பு சிவப்பு, கோர் பிரிண்ட் மஞ்சள், வார்த்தபடியே விடும் பரப்பு கருப்பு. பவுண்டரிக்குப் பவுண்டரி வழக்கம் சற்று மாறும். பிரிண்டரிலிருந்து வரும் பேட்டர்ன் முழுவதும் ஒரே சாம்பல் நிறமாக இருப்பதால், மோல்டருக்கு எது கோர் உட்காரும் இடம், எது சதை விட்ட முகம் என்று தெரிவதில்லை. ஒருமுறை கோர் பிரிண்டையே தேவையில்லாத முளை என்று எண்ணிச் சீவிவிட்டார்கள். அன்றிலிருந்து பிரிண்ட் எடுத்த பேட்டர்னுக்கும் பட்டி பூசி, தேய்த்து, இந்த மூன்று வண்ணத்தையும் அடித்த பிறகே பவுண்டரிக்கு அனுப்புகிறேன்.